குச்சியைக் கீழே வைத்தவள்

அவள் எதையும் நிறுத்திவிடுவாள். ஓடுகிற காரை நிறுத்துவாள், பாடுகிற பாட்டை நிறுத்துவாள், பேசிக்கொண்டிருக்கிற ஆளை வாய் திறந்தபடி நிற்கவைப்பாள். ஒருமுறை ஸ்டீல்ஸ் வீதியில் ஒரு பேக்கரியில் நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் யாருக்கோ பிறந்தநாள். முன்பின் தெரியாத குடும்பம். கைதட்டிப் பாடத் தொடங்கினார்கள். பெரியவர்கள் இழுக்க, பிள்ளைகள் முந்த, கைதட்டு தன்பாட்டில் வேறு வழியில் போனது. அவள் கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோய்க் கையை உயர்த்தினாள். பாட்டு நின்றது. மெழுகுதிரி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பிறகு அவள் மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தக் குடும்பம் பயந்துபோய் ஒழுங்காகப் பாடி முடித்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவள் எனக்குக் கார் ஓட்டப் பழக்கியவள். மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் அறிவிப்புப் பலகையில் அவளுடைய அட்டை குத்தியிருந்தது. சீன எழுத்தும் ஒரு தொலைபேசி எண்ணும். பெயரும் அதில் இருந்திருக்கும், எனக்கு வாசிக்கத் தெரியாது. மற்றவர்கள் ‘சிஃபூ’ என்று கூப்பிட்டார்கள். தொழில் பழக்குகிறவரை அப்படித்தான் அழைப்பார்களாம். நானும் சிஃபூ என்றே கூப்பிட்டேன். என் வயதுதான் அவளுக்கும், ஐம்பதுக்குக் கிட்ட. ஹொங்கொங்கில் பிறந்தவள். கட்டைத் தலைமயிர், வெயில் அடித்தாலும் கழற்றாத தடித்த ஜாக்கெட், வலது சுட்டுவிரலில் மட்டும் சதுரமாக வெட்டிய நகம். நாங்கள் பேசியது இரண்டு பேருக்குமே இரவல் ஆங்கிலம். ஆனால் என் நினைவில் அவள் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறாள், என்னை ‘நீர்’ என்றுதான் விளிக்கிறாள். ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் கார் பழக்குகிற தமிழ் ஆட்களுக்கு என்ன பஞ்சமா என்று நீங்கள் கேட்கலாம். பஞ்சமே இல்லை, அதுதான் என் பிரச்சினை. பல வருடங்களுக்கு முன் ஒரு அண்ணையிடம் பழகி, ஓட்டப் பரீட்சையில் தோற்றேன். அந்தச் செய்தி நான் வீட்டுக்கு வந்துசேர முதலே கோயிலுக்குப் போய்விட்டது. இந்தமுறை அப்படி ஆகக்கூடாது. இந்தமுறை நான் கார் பழகுவதே ஒருவருக்கும் தெரியக்கூடாது, ஏன் பழகுகிறேன் என்பது அதைவிடத் தெரியக்கூடாது.

என் கணவருக்கு வலிப்பு வரத் தொடங்கியிருந்தது. இவர் என்றே சொல்லிப் பழகிவிட்டது, இங்கேயும் இவர் என்றே சொல்கிறேன். முதலாவது குளியலறையில் வந்தது. இரண்டாவது சாப்பாட்டு மேசையில், என் கண்ணுக்கு முன்னால். வைத்தியர் சட்டப்படி அரசாங்கத்துக்கு அறிவித்தார், இவருடைய லைசென்ஸை நிறுத்திவிட்டார்கள். இவர் வான் ஓட்டுவதை நிறுத்தவில்லை. மிசிசாகாவில் விமான நிலையப் பக்கம் சரக்குக் கொட்டகையில் வேலை, மத்தியானம் ஒரு மணிக்கு வெளிக்கிட வேண்டும். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் இருந்து மூன்று பேர் அதே வானில் ஏறுவார்கள். ஒருவர் செல்வண்ணை, இவரைவிட மூத்தவர். மற்ற இரண்டு பேரும் இளம் பெடியன்கள், அதில் ஒருவனுடைய மனைவி பிள்ளைத்தாச்சி. மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியாது.

நான் கெஞ்சினேன். இவர் சொன்ன பதில் ஒன்றுதான். “மருந்து எடுக்கிறன்தானே. ஓடாமல் விட்டால் ஏனெண்டு கேப்பாங்கள். சொன்னால் எல்லாம் மகளின்ரை தலையிலைதான் விடியும்.” மகள் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். சனம் ஏற்கெனவே சம்பந்தம் விசாரிக்கத் தொடங்கிவிட்டது. வலிப்பு உள்ள வீடு என்றால் எங்கள் ஆட்கள் எப்படிப் பின்வாங்குவார்கள் என்று எனக்கும் தெரியும், ஏனென்றால் என் தம்பிக்குப் பெண் பார்த்த காலத்தில் நாங்களே அப்படிப் பின்வாங்கியிருக்கிறோம். ஆகவே நான் ஒரு திட்டம் போட்டேன். இரகசியமாக லைசென்ஸ் எடுப்பது, இவருக்கு முதுகு வருத்தம் என்று சொல்வது, நானே நாலு பேரையும் கொண்டுபோய் விடுவது. லைசென்ஸ் கிடைக்கும்வரை வானில் ஒன்றும் நடக்கக்கூடாது. ஒவ்வொரு நாளும் ஒரு மணிக்கு வான் தெருமுனையில் திரும்பும்வரை வாசலில் நிற்பேன், இரவு திரும்பி வந்து நிற்கிற சத்தம் கேட்கும்வரை படுக்க மாட்டேன்.

சிஃபூவின் காரில் ரேடியோ இல்லை, அவளுடைய விரல்தான் இருந்தது. பயணி இருக்கையில் அமர்ந்து, முன்னால் உள்ள டாஷ்போர்ட்டில் அந்தச் சதுர நகத்தால் தட்டிக்கொண்டே வருவாள். ஒரு தட்டு பலமாக, மூன்று தட்டு மெல்லியதாக. பலமானது ‘பான்’, அதாவது பலகை. மெல்லியது ‘ஙான்’, அதாவது கண். அவர்களுடைய நாடகப் பாட்டில் தாளத்துக்கு அதுதான் பெயராம். பானுக்குக் கண்ணாடி பார்க்க வேண்டும். முதல் ஙானுக்கு சிக்னல், இரண்டாவதற்குத் தோளுக்கு மேலால் ஒரு பார்வை, மூன்றாவதற்கு மெதுவாக அடுத்த பாதைக்குத் திரும்ப வேண்டும். தமிழ் அரிச்சுவடியில் சும்மா குந்திக்கொண்டிருந்த ங என்ற எழுத்துக்கு என் ஐம்பதாவது வயதில் ஒரு வேலை கிடைத்தது. நான் அதைச் சரியாக உச்சரித்ததால்தான் அவளுக்கு என்மேல் முதன்முதலில் ஒரு மதிப்பு வந்தது என்று நினைக்கிறேன்.

விரல் தட்டிக்கொண்டிருந்தால் எல்லாம் சரி. விரல் நின்றால் ஆபத்து. பேச மாட்டாள், சத்தம் போட மாட்டாள். விரல் நிற்கும், அடுத்த கணம் அவளுடைய காலடியில் உள்ள இரண்டாவது பிரேக் இறங்கும். மகவன் வீதியில் மஞ்சள் விளக்கை முந்தலாம் என்று நான் அழுத்தியபோது அப்படித்தான் சந்திக்குச் சற்று முன்னால் கார் குத்திக்கொண்டு நின்றது. “சொங் பான்,” என்றாள். பலகையில் மோதுவது. பாடுகிறவர் தாளம் விழுகிற இடம் தெரியாமல் போய் அதில் முட்டிக்கொண்டால் அப்படிச் சொல்வார்கள். இப்போது பாட்டே தெரியாத சனமும் சொல்கிறதாம். வேலை போனால் சொங் பான், மாமியாரிடம் வாய் கொடுத்தால் சொங் பான்.

அவளுடைய வாயில் உலகமே அப்படித்தான் பிரிந்திருந்தது. ஒழுங்காகச் செய்கிற ஆளுக்கு ‘யாவ் பான் யாவ் ஙான்’, பலகையும் உண்டு, கண்ணும் உண்டு. அநியாயத்துக்கு ‘லே போ’, எழுதிவைத்த பாட்டை விட்டு விலகிப்போனது. எல்லாம் பொருந்தி வந்தால் ‘ஹாப் சாய் ஹோ சே’. அவர்களுடைய பிடில் வாத்தியத்தின் இரண்டு நரம்பும் ஒன்றுக்கொன்று சுருதி சேர்ந்துவிட்டது என்று பொருள். அந்தக் கடைசிச் சொல்லை அவள் பேக்கரித் தேநீருக்குச் சொல்லியிருக்கிறாள், ஒரு வாகனத் தரிப்பிடத்தின் அளவுக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

எங்களிடமும் அப்படிச் சொற்கள் இருக்கின்றன என்று நானும் விட்டுக்கொடுக்காமல் சொன்னேன். ஒரே பல்லவியைப் பாடுவது, தாளம் போடுவது. நாதஸ்வரக்காரர் பக்கத்தில் ஒரே ஒரு சுரத்தை ஊதிக்கொண்டு நிற்கிற ஒத்துக்காரரைப் பற்றியும் சொன்னேன். ஒருவர் என்ன சொன்னாலும் ஆமாம் போடுகிறவரை ஒத்து ஊதுகிறார் என்போம் என்றேன். அவளுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ‘ஒத்து, ஒத்து’ என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அந்தச் சொல்லை அவள் பிறகு எனக்கே திருப்பித் தருவாள் என்று அப்போது தெரியாது.

ஒருநாள் 401 நெடுஞ்சாலையில் நான் இறங்க வேண்டிய வெளிவழியைத் தவறவிட்டேன். பதறிப்போய்க் கடைசி நேரத்தில் திருப்பப் பார்த்தேன். விரல் நின்றது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்து நேராக வைத்தாள். “தவற விட்டால் துரத்தாதையும்,” என்றாள். “பாட்டிலையும் அப்படித்தான். விட்டதை ஓடிப்போய்ப் பிடிக்கிறவள் எல்லாரையும் விழுத்துவாள். பேசாமல் நில்லும். அடுத்த பான் வரும். அதிலை ஏறும்.” அடுத்த வெளிவழி வந்தது, இறங்கினோம்.

சனிக்கிழமைகளில் அவள் ஒரு பாட்டுச் சங்கத்துக்குத் தாளம் பிடித்தாள். பிளாசா ஒன்றின் பின்பக்கம், களஞ்சியம் மாதிரி ஓர் அறை. ஒருமுறை வகுப்பு முடியப் பிந்திவிட்டதால் என்னையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். முன்னால் ஒரு சின்ன மரக்கட்டை, கையில் மெல்லிய குச்சி. அவ்வளவுதான் அவளுடைய வாத்தியம். ஆனால் பிடில்காரரும் புல்லாங்குழல்காரரும் பாடுகிறவரும் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று பாடிய பெண் சங்கத்துக்குப் பெரிய ஆள், பட்டுச் சட்டை, மண்டப ஏற்பாடெல்லாம் அவருடைய கையில். பாட்டின் நடுவில் ஒரு வரியை மறந்துவிட்டார். மறந்ததைக் காட்டிக்கொள்ளாமல் ஏதேதோ சொற்களைப் போட்டு ஓடத் தொடங்கினார். வாத்தியக்காரர்களும் வளைந்து நெளிந்து பின்னாலேயே போனார்கள். அதுதான் முறையாம். பாடுகிறவர் விழுந்தால் வாத்தியக்காரர்கள் அதை மூட வேண்டும், சபைக்குத் தெரியக்கூடாது. அப்படிச் சமாளிப்பதற்கு ‘பாவ் தோ’ என்று பெயர், வயிறு வெடிப்பது. கெட்டிக்காரத்தனம் என்றுதான் எல்லோரும் சொல்வார்களாம்.

சிஃபூ குச்சியைக் கட்டையின்மேல் வைத்துவிட்டாள். கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

பிடில் இழுபட்டு நின்றது. அறையில் ஹீற்றரின் சத்தம் மட்டும் கேட்டது. பட்டுச் சட்டைக்காரியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. புல்லாங்குழல்காரர் நிலத்தைப் பார்த்தார். எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. அந்தப் பெண் தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார், அடுத்த கிழமை இன்னும் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவள் குச்சியைப் பைக்குள் வைத்து மூடினாள். அன்று அவளைப் பார்க்க எனக்குப் பயமாகவும், கொஞ்சம் வெறுப்பாகவும் இருந்தது. மனிதர்களுக்கு ஒரு முகம் தேவை என்பது இவளுக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

அவளுக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரியவந்தது அம்புலன்ஸால். வீதியில் அந்தச் சத்தம் கேட்டால் வலப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். நான் ஒதுங்குவேன், உடனே கை பைக்குள் போகும், போனை எடுத்துப் பார்ப்பேன். ஒருமுறை பார்த்தாள், இரண்டுமுறை பார்த்தாள். பிறகு ஒரு நாள் ஒரு பிளாசாவுக்குள் காரை விடச் சொல்லி, எஞ்சினை நிறுத்தினாள்.

“ஒவ்வொரு அம்புலன்சுக்கும் ஏன் போனைப் பாக்கிறீர்?”

சொல்லிவிட்டேன். என் சகோதரிகளுக்குச் சொல்லாததை, ஒரு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்ததை, பெயர் தெரியாத ஒரு சீனப் பெண்ணுக்குச் சொன்னேன். அவள் எங்கள் ஆட்களில் ஒருத்தி இல்லை என்பதால்தான் சொல்ல முடிந்தது. நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். வானில் எத்தனை பேர், அவர்களுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். “லே போ,” என்றாள்.

பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அப்பா ஒரு நாடகக் கம்பனிக்குத் தாளம் பிடித்தவர். ஒருநாள் கதாநாயகன் மேடையில் தாளம் தவறத் தொடங்கினான். ஒருநாளும் தவறாத ஆள். அப்பா அவனுக்காகத் தாளத்தை இழுத்தார், சுருக்கினார், அவன் விட்ட இடத்திலெல்லாம் குச்சியால் முட்டுக்கொடுத்தார். சபை கைதட்டியது. திரை விழுந்தபோது அவன் விழுந்தான். பாட்டின் நடுவிலேயே அவனுடைய மூளையில் இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. தவறின முதல் இடத்தில் குச்சியைக் கீழே வைத்திருந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். அப்பா அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. அன்று சின்னப் பிள்ளையாக இருந்த தான் மேடையின் ஓரத்தில் அமர்ந்து கைதட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

“உங்கடை வீட்டிலை ஆர் ஒத்து ஊதுறது?” என்று கேட்டாள்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் லைசென்ஸ் எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். முதுகு வருத்தம் என்று சொல்லப்போவதையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். “அது பாவ் தோ. நீர் கார் பழகிறதே மூடுறதுக்குத்தான். அந்த மூண்டு பேரும் அதுவரைக்கும் ஏறி இருக்கட்டுமோ? நான் உமக்கு இனிப் பழக்கமாட்டன்.” என்னைப் பேருந்துத் தரிப்பில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. உவளுக்கு எங்களுடைய சனத்தைப் பற்றி என்ன தெரியும், உவளுக்குக் கல்யாணம் பேச மகள் இருக்கிறாளா என்று பேருந்தில் வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தேன். இனி அவளிடம் போவதில்லை என்று முடிவெடுத்தேன். வேறொரு பள்ளியைத் தேடவும் தொடங்கினேன்.

அந்த வாரக் கடைசியில் வானில் வருகிற இளம் பெடியனுக்குப் புதிதாகப் பிறந்த பிள்ளையின் முப்பத்தோராம் நாள். தொடக்குக் கழித்துப் பேர் வைக்கிற நாள். பலகாரம் சுட்டுத்தரச் சொல்லி அவன் மனைவி கேட்டிருந்தாள். பயித்தம் பணியாரமும் முறுக்கும் கொண்டுபோனேன். அவள் பிள்ளையை என் மடியில் கிடத்தினாள். பொம்பிளைப் பிள்ளை, தூக்கத்தில் வாயைச் சப்பிக்கொண்டிருந்தது. பெடியன் பக்கத்தில் நின்று, இவரைக் காட்டி மனைவியிடம் சொன்னான். “அண்ணையின்ரை வான் இருக்கிறபடியால்தான் எனக்கு இந்த வேலை. அண்ணை ஓடினால் நான் பின்னுக்கு நித்திரை கொண்டிடுவன், அவ்வளவு நம்பிக்கை.” இவர் சிரித்தார். என் கையில் இருந்த பிள்ளை சூடாக இருந்தது. நான் சுட்ட பலகாரத்தில் ஒரு துண்டைக்கூட என்னால் விழுங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை சிஃபூவுக்கு அழைத்தேன். அதுவரை அவள் என்னை ஏற்றுவது எப்போதும் பிளாசாவில்தான், வீட்டு வாசலில் அவளுடைய காரை ஒருவரும் கண்டதில்லை. வீட்டு முகவரியைச் சொன்னேன். ஒரு மணிக்கு வரச் சொன்னேன்.

“அது அவர் வெளிக்கிடுற நேரமல்லோ?”

“ஓம்,” என்றேன்.

அவள் வந்து கதைப்பாள் என்றுதான் நினைத்தேன், அதை மறைக்க மாட்டேன். பட்டுச் சட்டைக்காரியை நிறுத்தியவள் இவரையும் நிறுத்துவாள், பழி அவள்மேல் போகும், நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நிற்கலாம். ஒரு மணிக்குச் சற்று முன் மூன்று பேரும் வந்து வானில் ஏறினார்கள். இவர் எஞ்சினைப் போட்டார். கூரையில் பள்ளிப் பலகை வைத்த சிஃபூவின் சின்னக் கார் தெருவால் மெதுவாக வந்து, எங்கள் வாசலுக்குக் குறுக்கே, வானுக்குப் பின்னால் நின்றது. எஞ்சினை நிறுத்தினாள். குடுவையைத் திறந்து தேநீர் ஊற்றினாள்.

இவர் ஹோன் அடித்தார். அவள் அசையவில்லை. திரும்பவும் அடித்தார். பிறகு கண்ணாடியை இறக்கி, ஆரிது, உதை எடுக்கச் சொல்லு என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். நான் சிஃபூவைப் பார்த்தேன். அவளும் தன் பக்கக் கண்ணாடியை இறக்கினாள். சுட்டுவிரல் டாஷ்போர்ட்டின்மேல் இருந்தது, தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கப்போவதில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தெருவில் ஒருவரும் இல்லை. வானுக்குள் மூன்று முகங்கள் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தன.

நான் வானின் மறுபக்கம் போனேன். செல்வண்ணை இருந்த பக்கம்.

“அண்ணை, இவருக்கு வலிப்பு,” என்றேன். “ரெண்டு தரம் வந்திட்டுது. லைசென்ஸையும் நிப்பாட்டிப்போட்டாங்கள்.”

இவர் கத்துவார் என்று நினைத்தேன். “உள்ளுக்குப் போம்,” என்று மெல்லிய குரலில் சொன்னார். அந்தக் குரல்தான் என்னை உடைத்தது. ஆனாலும் நான் போகவில்லை. பின்னால் இருந்த பெடியன், பிள்ளை பிறந்தவன், தன் சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். செல்வண்ணை கதவைத் திறந்து இறங்கினார். வானைச் சுற்றி வந்து, இவருடைய பக்கக் கதவைத் திறந்தார்.

“இறங்கும் தம்பி. நான் ஓடுறன்.”

இவர் இறங்கினார். பின்கதவால் ஏறிப் பெடியன் பக்கத்தில் அமர்ந்தார். அவ்வளவுதான். ஒரு வருடம் நான் செத்துச் செத்துப் பிழைத்த விஷயம் இரண்டு கதவு திறந்து மூடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. செல்வண்ணைக்கு லைசென்ஸ் எப்போதும் இருந்தது. சிஃபூ ஒருவரும் சொல்லாமலே காரை எடுத்து வழிவிட்டாள். வான் தெருமுனையில் திரும்பும்போது இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அவளுடைய காருக்குள் ஏறினேன். இன்றைக்கு ஓட வேண்டாம் என்று சொல்லி அவளே ஓட்டினாள். பேக்கரியில் ஒரு பன்னை என் முன்னால் தள்ளி, தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லது செய்தீர் என்றோ, எல்லாம் சரிவரும் என்றோ ஒரு சொல் இல்லை. அவளிடம் நான் அதை எதிர்பார்த்தேன் என்பதுதான் உண்மை. எழும்பும்போது, புதன்கிழமை பத்து மணி என்றாள். வகுப்பு திரும்பத் தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்கள் இல்லை. இவர் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார். விஷயம் சனத்துக்குள் போனது, கோயிலில் இரண்டு அன்ரிமார் என்னைக் கண்டதும் கதையை மாற்றினார்கள். மகளுக்கு நானே சொன்னேன். முதல் கேள்வியாக, ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை என்றாள். அவளைத்தான் நாங்கள் காப்பாற்றிக்கொண்டிருந்தோம் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த மாதம் ஒரு நாள், ஒன்றரை மணிக்குச் செல்வண்ணையின் அழைப்பு வந்தது. பின்னால் வாகனங்களின் இரைச்சல். “தங்கச்சி, பயப்பிடாதையும். 401இலை ஓரமாய் நிக்கிறம். அம்புலன்சுக்கு அடிச்சாச்சு. வலிப்பு நிண்டிட்டுது, ஆள் எங்கடை பெடியன்ரை மடியிலை கிடக்கிறார். மூச்சு நல்லா வருது.” ஓடுகிற பாதையில், பெரிய லொறிகளுக்கு நடுவில், முன்பென்றால் இவர் ஸ்டியரிங்கில் இருந்திருக்கும் நேரம் அது. இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த அன்று மாலை, நான் தேநீர் கொடுத்தபோது கோப்பையோடு சேர்த்து என் கையையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அமர்ந்திருந்தார்.

அந்தப் புதன்கிழமை நான் சிஃபூவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சொற்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு போனேன். இன்று அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, அந்த எண்ணுக்கு அழைத்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள். பாட்டுச் சங்கம் இருந்த அறையில் தரைவிரிப்பு விற்கிறார்கள். நான் லைசென்ஸ் எடுத்த செய்தியைக்கூட அவளுக்கு ஒரு குரல் பதிவாகத்தான் சொல்ல முடிந்தது. ஆனால் அந்தப் புதன்கிழமையை நினைத்தால் அவள் இன்னும் என் பக்கத்தில்தான் இருக்கிறாள்.

மகவனும் ஸ்டீல்ஸும் சந்திக்கிற இடத்தில் சிவப்பு விளக்கு. கார் நின்றது, அவளுடைய விரல் வழமைபோலத் தட்டிக்கொண்டிருந்தது. நான் சொல்லத் தொடங்கினேன். 401 என்றேன், வலிப்பு என்றேன், ஓரமாக நிறுத்தினார்கள் என்றேன்.

விரல் நின்றது. விரல் நின்றால் ஆபத்து என்று பழகிய என் கால், கார் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தும், பிரேக்கை இன்னும் அழுத்தியது.

“பின்னுக்கோ இருந்தவர்?” என்று கேட்டாள்.

“ஓம். பின் சீற்றிலை.”

அவள் முன்கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மேடையின் ஓரத்தில் கைதட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பிள்ளையை நானும் கண்டேன். அவளுடைய கன்னம் நனைந்திருந்தது. விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் ஒருவன் ஹோன் அடித்தான். அவள் அசையவில்லை, விரல் டாஷ்போர்ட்டில் அப்படியே கிடந்தது.

நான் ஸ்டியரிங்கில் என் நகத்தால் தட்டினேன், பலமாக ஒன்று, மெல்லியதாக மூன்று. கண்ணாடி பார்த்தேன், இரண்டு பக்கமும் பார்த்தேன், பிரேக்கை விட்டேன். கார் சந்திக்குள் போனது. நான் தட்டிக்கொண்டேயிருந்தேன். சந்தியைத் தாண்டியபோது அவளுடைய விரல் மெதுவாக எழுந்தது. அவசரப்படவில்லை. அடுத்த பான் வரும்வரை காத்திருந்து, அதில் வந்து சேர்ந்துகொண்டது.